தாயால் தர இயலாத காவல்: பச்சிளங்குழந்தையின் நிரப்புப் புரதங்கள்

பிறந்து பத்து நாள்களே ஆன குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை என்று பெற்றோர் அழைத்து வருகின்றனர். காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. நாங்களோ இரத்தம் எடுக்கிறோம். குழந்தையை உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்கிறோம். பரிசோதனை முடிவு வருமுன்பே ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தொடங்கிவிடுகிறோம். "காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு இவ்வளவும் எதற்கு?" என்று உடன்வந்த பாட்டி கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வியே. அதற்குரிய விடையின் ஒரு முக்கியப் பகுதி, பலரும் பெயர்கூடக் கேட்டிராத ஒரு காவல் அமைப்பில் இருக்கிறது. மருத்துவர்கள் அதனைக் காம்ப்ளிமென்ட் என்பர். தமிழில் நிரப்பு மண்டலம் எனலாம்.

பெயர்க்காரணம் சுவையானது. 1890களில் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றிய பெல்ஜிய மருத்துவர் ஜூல் போர்டே, நோயெதிர்ப்பு பெற்ற விலங்கின் சீரத்தை ஏறத்தாழ 56 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியபோது அது கிருமிகளைக் கொல்லும் திறனை இழந்ததைக் கண்டார். நோயெதிர்ப்பு பெறாத வேறொரு விலங்கின் புதிய சீரத்தைச் சிறிது சேர்த்ததும் அத்திறன் மீண்டது. சூட்டைத் தாங்கும் எதிர்ப்பொருள் தனித்து நின்றால் போதாது. அதன் பணியை நிரப்பி முடிக்க, சூட்டில் அழியும் மற்றொன்று வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. அந்த 'மற்றொன்றுக்கு' இப்பெயரைச் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். போர்டேவுக்கு 1919ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அது ஒரே பொருள் அன்று; முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம் என இன்று அறிகிறோம். அவற்றுள் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகி, இரத்தத்தில் உறங்கும் நிலையில் சுற்றி வருகின்றன. கிருமியைக் கண்டதும் ஒன்று அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்புகிறது. தூண்டப்படும் வழிகள் மூன்று. மூன்றும் சி3 என்னும் புரதத்தில் வந்து கூடுகின்றன. சி3இன் துண்டுகள் கிருமியின் மேல் படிகின்றன. வழுக்கும் விரால் மீனைச் சாம்பலில் புரட்டிப் பிடிப்பதுபோல, அவ்வாறு பூசப்பட்ட கிருமியை வெள்ளணுக்கள் எளிதாகப் பற்றி விழுங்குகின்றன. வேறு சில துண்டுகள் வெள்ளணுக்களைத் தொற்று நேர்ந்த இடத்துக்கு அழைக்கின்றன. இறுதியாக சி5 முதல் சி9 வரையிலான புரதங்கள் ஒன்றுகூடிச் சிலவகைக் கிருமிகளின் உறையில் துளையிட்டுக் கொல்கின்றன.

இங்கேதான் பச்சிளங்குழந்தையின் நிலை வேறுபடுகிறது. தாயின் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சென்றடைகின்றன. அவற்றுள் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் செல்கிறது. நிரப்புப் புரதங்கள் அவ்வாறு கடப்பதில்லை. தாய் எவ்வளவு உடல்நலத்தோடு இருந்தாலும் அவற்றைக் கொடுத்தனுப்ப இயலாது. குழந்தையே தன் கல்லீரலில் அவற்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். நிறைமாதக் குழந்தையிடம்கூடப் பல புரதங்கள் வளர்ந்தோரின் அளவில் பாதி முதல் முக்கால் பங்கே இருக்கும். துளையிடும் பணியில் கடைசியாகச் சேரும் சி9 அதனினும் மிகக் குறைவு. ஈ.கோலை போன்ற கிருமிகளைத் துளையிட்டுக் கொல்வதற்கு அந்தச் சி9 இன்றியமையாதது. குறைமாதக் குழந்தைக்கோ இருமடங்கு இழப்பு: தாயின் எதிர்ப்பொருள்கள் முழுமையாக வந்து சேருமுன் பிறந்துவிடுகிறது, அதன் நிரப்புப் புரதங்களும் நிறைமாதக் குழந்தையினுடையவற்றைவிடக் குறைவு.

இதனைக் குறைபாடு என்று கொள்ள வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கருப்பைக்குள் கடுமையான அழற்சி எழுந்தால் அது கருவுக்கே தீங்காகும். அங்கு அடங்கியிருப்பதே பொருத்தம். வெளியே வந்தபின் ஏறத்தாழ 6 முதல் 18 மாதங்களுக்குள் பெரும்பாலான புரதங்கள் வளர்ந்தோரின் அளவை எட்டிவிடுகின்றன.

இடைப்பட்ட காலத்தில், முதிராத வெள்ளணுக்களும் முதிராத வெப்பச் சீராக்கமும் இதனுடன் சேர்வதால், தொற்று ஓசையின்றி வருகிறது. காய்ச்சலுக்கு மாறாக உடல் குளிர்ந்துபோகலாம். சிஆர்பி என்னும் இரத்தப் பரிசோதனையும் தொற்றின் முதல் சில மணி நேரங்களில் இயல்பாகவே காட்டக்கூடும். ஆகவேதான் மறுநாள் மீண்டும் இரத்தம் கேட்கிறோம். முதல் முறை எடுத்தது வீணானதால் அன்று. இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்றறியும் கல்ச்சர் பரிசோதனைக்குப் பொதுவாக இரண்டு நாள்கள் பிடிக்கும். அதில் கிருமி இல்லை என்று தெரிந்து, குழந்தையும் நலமாக இருப்பின், மருந்தைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவோம்.

"எதிர்ப்பாற்றலைக் கூட்ட டானிக் உண்டா?" என்றும் கேட்கின்றனர். நிரப்புப் புரதங்களைக் கூட்டும் டானிக் எதுவும் இல்லை. எதிர்ப்பொருளைச் சிரை வழியே ஏற்றினால் பயன் உண்டா என்று ஒன்பது நாடுகளில் 3,493 குழந்தைகளிடம் ஆராய்ந்தனர். கடுந்தொற்று உள்ள அல்லது இருப்பதாக ஐயுறப்பட்ட அக்குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் நன்மை இல்லை என்று 2011இல் வெளியான முடிவு தெரிவித்தது.

சீம்பால் அவ்வாறன்று. குடலைக் காக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளும் லாக்டோஃபெரினும் அதில் செறிந்துள்ளன. சேனை வைப்பதென்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தொட்டு வைப்பது, அந்தப் பாலுக்கு முன்பே கிருமி நுழைய வழிவிடுகிறது. குளிப்பாட்டியபின் மூக்கில் ஊதுவதும், தொப்புள்கொடியில் எண்ணெய் அல்லது சாம்பல் இடுவதும் அத்தகையனவே. கொடி உலர்ந்து தானே விழட்டும். ஆயினும் வீட்டுப் பழக்கங்கள் யாவும் தவறல்ல. பிள்ளை பெற்ற வீட்டிற்குச் சில நாள்கள் பிறர் வராதிருக்கும் வழக்கத்தின் காரணம் எதுவாயினும், கூட்டத்தைத் தடுக்கும் அதன் பயனை நாங்கள் வரவேற்கிறோம்.

முதல் இரண்டு மாதங்களுக்குள் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, நிமிடத்திற்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கையில் நெஞ்சு உட்குழிந்தாலோ, அக்குள் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸை எட்டினாலோ 35.5க்குக் கீழே இறங்கினாலோ விடியும்வரை காத்திராதீர்கள். வரும்போது பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டு வாருங்கள். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பனிக்குடம் உடைந்து எவ்வளவு நேரம் கழித்துப் பிறந்தது, பிரசவ வேளையில் தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா என்னும் மூன்றையும் பணியிலுள்ள மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.