கமர்கட்டும் பஞ்சு மிட்டாயும்

மிட்டாய்னா யாருக்குத்தான் பிடிக்காது? என் தம்பிக்கு ரோஸ் கலர் பஞ்சு மிட்டாய்னா உயிர். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. சோதனையில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததே காரணம். அது துணிக்குப் போடும் சாயம். உணவில் சேர்க்கக் கூடாது. விஷயம் தெரிஞ்சதும் தம்பி ஒரே அழுகை.

"எங்க காலத்துல கமர்கட்டுதான்டா" என்ற ஆயா, முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் வீட்டிலேயே செய்து காட்டினார்.

செய்முறை: வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். கெட்டியானதும் தேங்காய்த் துருவல், ஏலக்காய் சேர்த்துக் கிளற வேண்டும். தண்ணீர் ஆவியாகப் போகப் போக பாகின் சூடு 100 டிகிரி செல்சியசைத் தாண்டும். (பெரியவங்க இல்லாம செய்யாதீங்க!) ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும். அதுதான் பதம். ஆயாவுக்குத் தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை. பிறகு கையில் நெய் தடவி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும்.

கமர்கட்டின் பழுப்பு நிறம் வெல்லம் தந்தது. சாயம் சேர்க்கவே இல்லை. தம்பி ரெண்டு கன்னத்திலும் அடக்கிக்கிட்டான்! இதுவும் இனிப்புதான், தின்றதும் வாய் கொப்பளிக்கணும்.

கலரைப் பார்த்து வாங்காமல், என்ன சேர்த்திருக்காங்கன்னு கேட்டு வாங்குவோம்!