எந்த ‘ஒர்க்’?

ஆங்கில வகுப்பில் ‘என் தாய்’ என்னும் கட்டுரை எழுதினோம். எங்களில் பலர், “மை மதர் டஸ் நாட் ஒர்க்” என்று எழுதியிருந்தோம். ஆசிரியை அதை அடிக்கவில்லை. “இலக்கணம் சரிதான். ஆனால் எந்த ‘ஒர்க்’?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் அகராதியைப் புரட்டினோம்.

‘ஒர்க்’ என்றால் வேலை என்றே எண்ணியிருந்தோம். ஆனால் அச்சொல் இடத்திற்கு ஏற்பப் பொருள் மாறுகிறது. ரேடியோ ‘ஒர்க்’ ஆகவில்லை என்றால், அது பாடவில்லை. மருந்து ‘ஒர்க்’ ஆகிறது என்றால், நோய்க்குக் கேட்கிறது. கணக்கை ‘ஒர்க் அவுட்’ செய்வது, அதைப் போட்டு விடை காண்பது. பாரதியாரின் ‘ஒர்க்ஸ்’ என்றால் அவருடைய படைப்புகள். பொதுப்பணித் துறையின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ஒர்க்ஸ்’ அணை, கட்டடம் போன்றவற்றைக் குறிக்கும். ‘ஷாப்’ சேர்ந்தால் திருச்சி பொன்மலையில் உள்ளது போன்ற பணிமனை. நம் ‘வேலை’ மட்டும் என்ன? பழந்தமிழில் அதற்குக் கடல், பொழுது என்னும் பொருள்களும் உண்டு!

அறிவியலில் இச்சொல்லுக்குத் திட்டமான அளவு உண்டு. 10 கிலோ எடையுள்ள வாளியை 10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து இறைத்தால், செய்த வேலை சுமார் 980 ஜூல். அதே நீரைச் சமதரையில் வீடுவரை சுமந்து வந்தால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை சுழி! இடுப்பு வலி மட்டும் சுழியாவதில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும், தம் வீட்டு வேலைகளை மட்டும் செய்யும் பெண்கள் ‘வேலை செய்யாதோர்’ பிரிவில்தான் சேர்க்கப்பட்டனர். ஆனால் 2019இல் இந்தியா முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஊதியமில்லாத வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர்; ஆண்கள் 97 நிமிடங்களே.

கரும்பு வெட்டும் நாட்களில் வயலுக்குப் போகும் தாயைப் பற்றியும் எங்களுள் ஒருத்தி அவ்வாறே எழுதியிருந்தாள். “மாதச் சம்பளம் இல்லையே, அதனால்தான்” என்றாள். அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்களும் அந்தக் கணக்கில்தானே எழுதியிருந்தோம்?

மறுநாள் அனைவரும் அந்த வரியைத் திருத்தினோம். “என் தாய் விடியுமுன் எழுந்து உழைக்கிறார்” என்று எழுதினோம். தோழியரே, ஒரு சொல்லின் எல்லாப் பொருளையும் அறிந்த பின் அதை எழுதுவோம். இல்லையேல் நம்மைப் பெற்றவர்களின் உழைப்பை நாமே அழித்துவிடுவோம்.