பழைய திரைச்சீலையைப் படிக்கும் தங்கைக்கு



கரூரில் வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே, 1950-களின் பாணியில் திரைச்சீலை கேட்டு வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல வாய்ப்பு. ஆலிவ் பச்சை, எலுமிச்சை மஞ்சள், நாலு வளைகோடு என்று படம் பார்த்து வரைந்து அனுப்பிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நீ செய்யாதே. அந்தப் பழைய டிசைன் எந்தச் சன்னலுக்காக, எந்த எந்திரத்தில், எவ்வளவு துணியை நம்பிப் பிறந்தது என்று முதலில் கேள்.

போர்க்காலப் பிரிட்டனை எடுத்துக்கொள். அரசின் சிக்கன அறைகலன் திட்டத்துக்குத் துணி வடிவமைத்தவர் எனிட் மார்க்ஸ். அவருக்குக் கிடைத்தவை நான்கு நிறங்களும் ஒருசில நூல் வகைகளும்தான். பெரிய பூ போட்டால், துண்டுகளை இணைக்கும்போது பூவுக்குப் பூ பொருத்த வேண்டும். அதில் துணி வீணாகும். அதனால் ரிப்பீட், அதாவது துணியில் திரும்பத் திரும்ப வரும் வடிவ அலகு, சிறியதாகவே இருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளின் புள்ளிகளும் கோடுகளும் பஞ்சத்தின் கணக்கிலிருந்து வந்தவை. அந்தக் கட்டுக்குள்ளும் அவர் துணிகள் உயிரோடு இருக்கின்றன.

அடுத்து 1951. லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவில், வடிவமைப்பாளர் ராபின் டே அமைத்த மாதிரி அறை ஒன்றுக்கு அவர் மனைவி லூசியென் டே ஒரு துணி வரைந்தார். பெயர் ‘கேலிக்ஸ்’. சாய்ந்த கிண்ணங்கள் போன்ற வடிவங்கள். அவற்றை இணைக்கும் மெல்லிய கோடுகள். ஆலிவ் தரையில் மஞ்சளும் ஆரஞ்சும் கறுப்பும் வெள்ளையும். அச்சிட்டு விற்ற ஹீல்ஸ் நிறுவனத்துக்கு இது விலைபோகும் என்ற நம்பிக்கை இல்லை. வழக்கமான ஊதியத்தில் பாதியைத்தான் முதலில் கொடுத்தது. அதே ஆண்டு மிலான் ட்ரியென்னாலே கண்காட்சியில் அந்தத் துணி தங்கப் பதக்கம் பெற்றது; மறு ஆண்டு அமெரிக்க அலங்காரக் கலைஞர் அமைப்பின் விருதும் வந்தது.

அதன் வெற்றிக்கு நிறம் மட்டும் காரணமில்லை. திரைச்சீலை விரித்த காகிதம் அல்ல, கொசுவத்தோடு தொங்குவது. நடுவில் சமச்சீராக உட்கார்ந்த பூங்கொத்தைக் கொசுவம் பாதியாக வெட்டிவிடும். கேலிக்ஸில் நடு என்று ஒன்றே கிடையாது. எந்த மடிப்பில் எந்தக் கிண்ணம் மறைந்தாலும், கோடு கண்ணை அடுத்த கிண்ணத்துக்குக் கொண்டுபோய்விடும். இந்த ஒன்றுக்காகவே அந்தத் துணியை நீ பல நாள் பார்க்கலாம்.

அதே விழாவில் அறிவியலும் துணியானது. கேம்பிரிட்ஜின் படிகவியலாளர் ஹெலன் மெகா வழிகாட்ட, 28 நிறுவனங்கள் எக்ஸ்-ரே காட்டிய படிக அமைப்புகளை டிசைனாக்கின. இன்சுலின், ஹீமோகுளோபின் எல்லாம் சுவரிலும் சன்னலிலும் ஏறின. படிகம் தன் இயல்பிலேயே ரிப்பீட் என்பதால் அது துணிக்கு இசைந்தது.

எந்திரத்துக்கு வருவோம். லங்காஷயரின் டேவிட் வைட்ஹெட் நிறுவனம் மேரியன் மாலர், ஜாக்குலின் குரோக் போன்றோரின் புதுமை டிசைன்களை ரேயானில் உருளை அச்சில் மலிவாகக் கொடுத்தது. உருளையின் சுற்றளவைத் தாண்டி ரிப்பீட் உயர முடியாது. செப்பு உருளை செதுக்கும் செலவு ஈடாக வேண்டுமானால் ஏராளமாக அச்சிட வேண்டும். ஸ்கிரீன் அச்சு இந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் தளர்த்தியது. 1960-களில் கண்ணாடிச் சன்னல்களும் அகலமாகிவிட, டிசைன் பெருத்தது. பார்பரா பிரவுன் ஹீல்ஸுக்கு வரைந்த வட்டங்களும் அலைகளும் சின்னச் சன்னலில் அடையாளமே தெரியாது. பின்லாந்தின் மாரிமெக்கோ நிறுவனத்தில் பூ டிசைனே வேண்டாம் என்று அதை நடத்திய அர்மி ராட்டியா சொல்லியிருக்க, 1964-இல் மாய்யா இசோலா ‘உனிக்கோ’ என்ற பெரிய பாப்பிப் பூக்களை வரைந்து வைத்தார். அது இன்றும் அச்சாகிறது.

1970-களின் பழுப்பையும் ஆரஞ்சையும் நீயே அறிவாய். அதே பத்தாண்டில்தான் லாரா ஆஷ்லியின் சிறு பூக்கள் பழைய கிராமத்து வீட்டு ஏக்கத்தோடு திரும்பிவந்தன என்பதை மட்டும் மறந்துவிடாதே. ஒரு பத்தாண்டுக்கு ஒரே முகம் இருந்ததில்லை.

நிறத்தை நகலெடுக்கும்போது எச்சரிக்கை தேவை. பழைய துணியின் முன்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும். கீழ் ஓர மடிப்பையும் தையலுக்குள் மறைந்த விளிம்பையும் திறந்து பார்த்தால், அசல் நிறத்துக்கு நெருக்கமானது அங்கே கிடைக்கும். பலர் ‘பழமையின் மென்மை’ என்று கொண்டாடும் நிறம் பெரும்பாலும் வெளுத்த நிறமே. அசல் பளிச்சென்று இருந்திருக்கும், அதற்கு அஞ்சாதே.

முதல் மாதிரி வந்ததும் மேசையில் விரித்து ஒப்புதல் கொடுக்காதே. துணி அகலத்தைப் பாதியாகச் சுருக்கிக் கொசுவம் வைத்துத் தொங்கவிடு. காலை வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது ஒரு தடவை, இரவு விளக்கில் ஒரு தடவை, அறையின் மறுகோடியிலிருந்து பார். உள்துணி தைத்தும் தைக்காமலும் பார். வெளிச்சம் ஊடுருவும்போது நிறங்கள் மாறும். ஆர்டர் கொடுத்தவரிடம் சன்னலின் உயரமும் அகலமும் கேட்டு எழுது. அது வந்த பிறகு ரிப்பீட்டின் அளவை முடிவு செய்யலாம்.