லெஸோரும் லெஸீயும்

வெள்ளவத்தை

அன்புள்ள மருமகளுக்கு,

கொட்டாஞ்சேனையில் நொத்தாரிசு ஒருவரிடம் உனக்கு வேலை கிடைத்திருக்கிறதென்று அம்மா போனில் சொன்னா. பெரிய சந்தோசம். புதுக்கடையில் முப்பது வருசம் உறுதி டைப் அடித்தவன் நான். ஒரேயொரு விசயம் சொல்கிறேன். லெஸோர், லெஸீ என்ற இரண்டு சொல்லையும் கைபோன போக்கில் அடித்துவிடாதே.

வீட்டைக் குத்தகைக்குக் கொடுப்பவர் லெஸோர், எடுப்பவர் லெஸீ. உறுதியில் ஆட்களின் பெயர் தொடக்கத்தில் வரும். பிறகு பக்கம் பக்கமாக இந்தச் சொற்கள்தான் அந்த ஆட்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளவத்தை அனெக்ஸ் ஒன்றுக்குக் குத்தகை உறுதி அடித்தேன். கூரை திருத்துவது லெஸோர் பொறுப்பு என்று வரவேண்டிய இடத்தில் லெஸீ என்று அடித்துவிட்டேன். இங்கிலிஷில் வாசித்தபோது ஒருவர் காதிலும் அது படவில்லை. கையெழுத்தும் வைத்தாயிற்று. ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. பிள்ளைகளின் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த அனெக்ஸை எடுத்திருந்த அம்மா, ஈரம் பட்ட உறுதியை என் மேசையில் விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, "தம்பி, இதில சொல்லியிருக்கிறது என்னையோ, வீட்டுக்காரரையோ?" என்று கேட்டா. எனக்கு வாய் வரவில்லை. கூரைக் காசை அவதான் கட்டினா. அந்த விரல் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கையெழுத்துக்கு முன் பிழையைக் கண்டால் திருத்தி, நொத்தாரிசின் அத்தாட்சியில் குறித்துவிடலாம். அதன் பிறகென்றால் இரண்டு தரப்பும் வந்து திருத்த உறுதி எழுதவேண்டும். தனக்கு ஆதாயமான பிழையைத் திருத்த யார் வருவார்?

சொல்லின் வால் 'ஓர்' என்றால் கொடுப்பவர், 'ஈ' என்றால் பெறுபவர். இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஒருகாலத்தில் புழங்கிய பிரெஞ்சிலிருந்து வந்த வழக்கம் இது. நன்கொடை உறுதியில் டோனோர், டோனீ என்பதும் அப்படித்தான். மோர்ட்கேஜில்தான் கெட்டிக்காரரும் தடுமாறுவார்கள். காசு கொடுப்பது வங்கி, ஆகவே அதுதான் மோர்ட்கேஜோர் என்று மனம் சொல்லும். அப்படியில்லை, பிள்ளை. அந்த உறுதியால் கொடுபடுவது காசல்ல, ஈடு. காணியை ஈடு வைப்பவர் மோர்ட்கேஜோர். ஈட்டை வாங்கும் வங்கி மோர்ட்கேஜீ. ஈடு வைத்தவர், ஈடு வாங்கினவர் என்று தமிழில் நினைத்துக்கொண்டு அடி, கை பிசகாது.

இப்போது கொம்பியூட்டர் இருக்கிறதே என்று நினைக்காதே. இரண்டும் சரியான சொல், அது சிவப்புக் கோடு போடாது. பழைய உறுதியைக் கொப்பி பண்ணும்போது பழைய பிழையும் கூடவே வரும். அடித்து முடித்ததும் நகல் ஒன்று எடுத்து, இந்தச் சொல் வரும் இடமெல்லாம் பென்சிலால் அந்த ஆளின் பெயரை எழுதி வாசித்துப் பார். கையெழுத்து வைக்க வருபவருக்கு இங்கிலிஷ் தெரியாதென்றால், எந்தச் செலவு யார் தலையில் என்று தமிழில் விளங்கப்படுத்தும்படி நொத்தாரிசு ஐயாவிடம் நீயே கேள். புதுப்பிள்ளை என்று கூச்சப்படாதே.

அன்புடன்,
மாமா