வழக்குப் போட முடியாத காயம்

அன்புள்ள அருணுக்கு,

தேசிய சேவைப் பயிற்சிக்குத் தேக்கோங் தீவுக்குப் போகுமுன், "பயிற்சியில் அடிபட்டால் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடலாமா, மாமா?" என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மா காதில் இது விழ வேண்டாம்.

மற்றவர்களுக்கு என்ன வழி என்று முதலில் பார். அடிபட்டு வேலையில்லாமல் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் 2008 முதல் 'கஃப் ரோடு திட்டம்' இலவசச் சாப்பாடு போடுகிறது. அங்கே சாப்பிட வரும் கட்டுமானத் தொழிலாளிக்கு இரண்டு வழி உண்டு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் கேட்டால், முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. நீதிமன்றம் போனால் வரம்பில்லை. தவற்றை நிரூபித்தாக வேண்டும். இரண்டில் ஒன்றுதான், இரண்டும் சேர்த்துக் கிடையாது. அரசாங்க அலுவலகக் குமாஸ்தாவுக்கும் இதே கணக்குதான்.

ராணுவம், போலீஸ், குடிமைத் தற்காப்புப் படை, சிறைத்துறை ஆகியவற்றின் சீருடையாளர்களோ அந்த இழப்பீட்டுச் சட்டத்துக்கு வெளியே. அதிலும் ராணுவத்தின் நிலை தனி. 2012 ஏப்ரலில் லிம் சூ காங்கில் ஒரு பயிற்சி. இரண்டுக்கு மேல் வீசக் கூடாத புகைக்குண்டுகளில் ஆறு வீசப்பட்டன. புகையின் ஒவ்வாமையால் ஒரு தேசிய சேவையாளர் இறந்தார். குடும்பம் ஆயுதப் படை மீதும் இரண்டு அதிகாரிகள் மீதும் வழக்குத் தொடுத்தது. 2016இல் உயர் நீதிமன்றம் அதை விசாரணைக்கே போகாமல் தள்ளியது. அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு குறுக்கே நின்றது. பணியில் நேர்ந்த காயம் அல்லது சாவு என்று அமைச்சர் சான்றளித்தால் அரசையும் சக வீரரையும் கவனக்குறைவுக்காக வழக்கில் இழுக்க முடியாது. ராணுவ விதிப்படி கிடைக்கும் இழப்பீடுதான் மிச்சம்.

வழக்குக்குப் பயந்து தளபதி தயங்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த விதியின் மூலமான பிரிட்டிஷ் சட்டப் பிரிவை பிரிட்டனே 1987இல் நிறுத்திவைத்துவிட்டது. அங்கே விரும்பிச் சேர்ந்த சிப்பாய் வழக்குப் போடலாம். இங்கே கட்டாயத்தில் சேர்ந்தவன் போட முடியாது. இது எனக்கு உறுத்துகிறது.

அந்தப் புகைச் சாவை நினைத்துத்தான் கேட்கிறேன்: சிறு வயதில் உனக்கு இழுப்பு இருந்ததே, மருத்துவப் பரிசோதனையில் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் போகுமுன் எழுத்தில் கொடுத்துவிடு. ஒரு நகலை என்னிடம் வை.

அன்புடன்,
மாமா