தலைநகர் காணும் நெறி

நுழையும்முன்

காணாத ஊருக்குச் செல்பவருக்கு வழி கூறுதல் தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துள்ளது. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படையாக அமைந்தவை. செல்லும் வழி, வழியில் நேரும் இடர், உணவு கிடைக்கும் இடம், ஊராரின் இயல்பு ஆகியவற்றை அவை எடுத்துரைக்கின்றன. அம்மரபைப் பின்பற்றி, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கிய கங்கைகொண்ட சோழபுரத்தைக் காணச் செல்வோர் அறிய வேண்டியவற்றை இப்பாடம் தொகுத்துரைக்கிறது.

தலைநகரும் சிற்றூரும்

இலண்டன், பாரிசு போன்ற தலைநகரங்களுக்குச் செல்பவர் அரண்மனை எங்கே, அங்காடித் தெரு எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை. அவை இன்றும் கண்முன் நிற்கின்றன. கங்கைகொண்ட சோழபுரம் அத்தகையதன்று. கங்கை வரை சென்று வென்ற படையெடுப்பின் நினைவாக முதலாம் இராசேந்திர சோழன் கி.பி. 1025ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்திற்கு வடக்கே இந்நகரை அமைத்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் ஆட்சி முடிவுற்றபோது நகரின் சிறப்பும் மங்கியது. இன்று அரியலூர் மாவட்டத்தில் வயல்கள் சூழ்ந்த சிற்றூராக அது காட்சியளிக்கிறது. கோவில் மட்டும் உயர்ந்து நிற்கிறது. நகரின் ஏனைய பகுதிகள் மண்ணுக்குள் மறைந்துள்ளன. ஆகவே, கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டு தெரியாததை உய்த்துணரும் ஆயத்தத்துடன் இங்குச் செல்ல வேண்டும்.

வழியும் பொழுதும்

பெரம்பலூர் நகருக்குத் தொடர்வண்டி வசதி இல்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே அதன் முதன்மை வழி. அங்கிருந்து அரியலூர், செயங்கொண்டம் வழியாகப் பேருந்தில் செல்லலாம். தொடர்வண்டியில் வருவோர் விழுப்புரம்–திருச்சி தடத்திலுள்ள அரியலூரில் இறங்குவர். செயங்கொண்டத்திலிருந்து கோவில் ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது. அரியலூர்ப் பகுதி சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்தது. சாலைகளில் கனரக லாரிகள் மிகுதியாகச் செல்வதால், சொந்த வண்டியில் வருவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

மார்கழி முதல் மாசி வரையிலான மாதங்கள் பயணத்திற்கு ஏற்றவை. கோடையில் கருங்கல் தளம் கால் வைக்க இயலாதவாறு சுடும். நண்பகலில் சன்னிதி அடைக்கப்படுவதால், காலையிலேயே கோவிலை அடைவது நலம். ஐப்பசி முழுநிலவு நாளில் நிகழும் அன்னாபிடேகத்திற்கும், இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரைக்கும் மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். வழிபாடும் விழாவும் காண விழைவோர் அந்நாள்களிலும், சிற்பங்களை நின்று நோக்க விரும்புவோர் பிற நாள்களிலும் செல்லலாம். குடிநீர், தொப்பி, குறிப்பேடு ஆகியவற்றை உடன் கொண்டு செல்வது பயன் தரும்.

கோவிலில் காண்பன

தஞ்சைப் பெரியகோவில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. இங்குள்ள விமானம் ஏறத்தாழ 180 அடி. உயரத்தில் தந்தையின் கோவிலுக்கு மகனின் கோவில் தாழ்ந்ததே. எனினும், தஞ்சை விமானம் நேர்க்கோடுகளாக நிமிர்ந்து உயர, இவ்விமானம் மெல்ல உள்வளைந்து எழுகிறது. முன்னர்த் தஞ்சையைக் கண்டுவிட்டு வருவோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும்.

வடக்கு வாயிலின் அருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பம் உள்ளது. அடியவர் சண்டேசரின் தலையில் சிவபெருமான் மாலையைச் சுற்றுகிறார். அரசனின் வெற்றியையே இச்சிற்பம் குறிப்பால் உணர்த்துகிறது என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். காலை, மாலை ஆகிய இருபொழுதும் இதனைக் காண்பது நன்று. ஒளி சாயும் திசை மாறுகையில் முகங்களின் பொலிவும் மாறுகிறது.

மண்ணுக்குள் அரண்மனை

பயணிகள் பலர் கோவிலோடு திரும்பிவிடுகின்றனர். தலைநகரைக் காண வந்தவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கோவிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில் மாளிகைமேடு உள்ளது. அங்குத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கற் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. கருங்கல் அடித்தாங்கிகளின்மேல் மரத்தூண்களை நிறுத்தி மாளிகை எழுப்பப்பட்டிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். இறைவனுக்குக் கல்லாலும், தனக்குச் செங்கல்லாலும் மரத்தாலும் இல்லம் அமைத்தான் அரசன். கோவில் நிலைத்தமைக்கும் அரண்மனை அழிந்தமைக்கும் இதுவும் ஒரு காரணம். கண்டெடுத்த பொருள்களை அகழ்வைப்பகத்தில் காணலாம். அதன் வேலை நாள்களை முன்னரே கேட்டறிந்து செல்ல வேண்டும்.

சுற்றுப்புற ஊர்ப்பெயர்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்பன இன்றும் வழங்கும் பெயர்கள். கோட்டையும் படைக்கலமும் மெய்க்காவலரும் மறைந்தபின்னும், அவற்றின் நினைவை மக்களின் நாவு காத்து வருகிறது.

தெரிந்து தெளிவோம்

> கங்கை வெற்றியின் நினைவாக இராசேந்திரன் வெட்டிய பேரேரி சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை நீரால் ஆகிய வெற்றித்தூண் எனப் போற்றுகிறது. இன்று அது பொன்னேரி என வழங்குகிறது. இக்கோவில் 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

எடுத்தவையும் எடுக்கலாகாதவையும்

கும்பகோணத்திலிருந்து வருவோர் கொள்ளிடத்தின் குறுக்கே அமைந்த கீழணையைக் கடந்தே இவ்வூரை அடைவர். 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டனால் எழுப்பப்பட்ட இவ்வணைக்குக் கங்கைகொண்ட சோழபுரக் கோவிலின் மதிற்கற்களும் எடுத்துச் செல்லப்பட்டன. அணை வயல்களுக்கு நீர் தந்தது. கோவில் தன் மதிலை இழந்தது. உரோம் நகரின் கொலோசியத்திலிருந்தும் பிற்காலக் கட்டடங்களுக்குக் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. எனினும், உரோம் இன்றும் தலைநகராக நிலைபெற்றுள்ளது. பேணுவோரும் அங்குப் பலர். இங்கோ, எஞ்சியிருப்பது சிறிது. அதனால் ஒவ்வொரு துண்டும் அருமையுடையது.

மழைக்குப்பின் மாளிகைமேட்டைச் சுற்றியுள்ள நிலங்களில் பானை ஓடுகளும் செங்கல் துண்டுகளும் தலைகாட்டும். நினைவுப்பொருளாக ஒன்றை எடுத்துச் செல்லும் விருப்பம் எவர்க்கும் எழலாம். ஆனால், ஓர் ஓட்டின் மதிப்பு அது கிடந்த இடத்தைச் சார்ந்தது. எந்த மண்ணடுக்கில், எந்தச் சுவரருகே, எப்பொருளோடு கிடந்தது என்பதைக் கொண்டே ஆய்வாளர் காலத்தையும் வாழ்வையும் கணிக்கின்றனர். இடம்பெயர்ந்த ஓடு வெறும் ஓடாகிவிடும். கண்ட இடத்திலேயே அதனை விட்டு, தொல்லியல் துறையினரிடம் தெரிவிப்பதே நெறி. சுவரில் பெயர் கீறுதலும் சிற்பத்தின்மேல் ஏறுதலும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குரிய 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்கு உள்ளாக்கக்கூடிய செயல்கள்.

வாழும் தலைநகரங்களைக் காக்க அரசும் செல்வமும் உண்டு. மறைந்த தலைநகருக்கு அவற்றோடு காண வருவோரின் ஒழுக்கமும் காவலாக வேண்டும். குறிப்பேட்டை நிறைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்புபவரே இந்நகரை முறையாகக் கண்டவர் ஆவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, அவை உணர்த்தும் வரலாற்றுச் செய்திகளை வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் மாவட்டத்திலுள்ள தொன்மையான இடம் ஒன்றனைக் காண வருவோர்க்கு வழி, பொழுது, காண்பன, தவிர்ப்பன ஆகியவற்றைக் கூறும் வழிகாட்டிக் கட்டுரை ஒன்றை எழுதுக.