குரலும் இசையும் ஒன்றாக: வீட்டுக் கம்ப்யூட்டரில் பாடல் பதிவு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி இது: "இசையை ஓடவிட்டு அதன்மேல் என் குரலைப் பதிய முடியுமா?" தாராளமாக முடியும். ஒரு மைக், ஒரு ஹெட்போன், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். இங்கே நான் சொல்லும் மெனுக்கள் அதன் 3-ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு உரியவை.

பெரும்பாலானோர் செய்வது என்ன? ஸ்பீக்கரில் இசையை ஓடவிட்டு, மைக் முன்னால் நின்று பாடிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து பதிவாகும். கேட்டால் இசை கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். குரல் சிறியதாக இருக்கிறதே என்று கூட்டினால் இசையும் சேர்ந்து கூடும். கலந்துவிட்ட குரலையும் இசையையும் பிரித்துத் தரும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. ஆனாலும் தனியாகப் பதிந்த குரலின் சுத்தம் அதில் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம்.

எனவே குரல் ஒரு ட்ராக், இசை ஒரு ட்ராக் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு காலத்தில் சென்னை ஸ்டுடியோக்களில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவார்கள். யாராவது ஒருவர் தவறினால் மறுபடியும் டேக். ட்ராக் முறையில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது சரணம் சரியில்லை என்றால் அதை மட்டும் மறுபடி பாடலாம்.

இசை உங்கள் காதுக்கு மட்டும் கேட்க வேண்டும், மைக்குக்குக் கேட்கக் கூடாது. அதற்குத்தான் ஹெட்போன். ஒயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வரும். அதிலுள்ள மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பல மாடல்களில் ஒலியின் தரமே டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடும்.

மேஜைக் கம்ப்யூட்டர்களில் பொதுவாக இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு, பச்சைத் துளை ஹெட்போனுக்கு. மைக் வேலை செய்யவில்லை என்று கடைக்கு ஓடுவதற்கு முன், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் சென்று, ப்ரைவஸி பகுதியில் மைக்ரோபோன் அனுமதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் கோளாறு அங்கேதான்.

இனி ஆடாசிட்டியைத் திறந்து, ஃபைல் மெனுவில் இம்போர்ட் மூலம் இசை ஃபைலைக் கொண்டு வாருங்கள். ட்ரான்ஸ்போர்ட் மெனுவின் ஆப்ஷன்ஸில், பதியும்போது மற்ற ட்ராக்குகளைக் கேட்கச் செய்யும் ஓவர்டப் அமைப்பு ஆன் ஆகியிருக்க வேண்டும். ப்ளேத்ரூ என்பது ஆஃப் ஆகட்டும். இல்லையேல் உங்கள் குரலே சற்றுத் தாமதமாகக் காதில் விழுந்து குழப்பும். பிறகு ஷிஃப்ட் + ஆர் அழுத்துங்கள். புதிய ட்ராக் உருவாகிப் பதிவு தொடங்கும்.

ஒலி அளவைக் காட்டும் மீட்டரில், பாட்டின் உச்சத்தில் கூட மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபல் வரை நின்றால் நல்லது. பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கும். அதைப் பிறகு முழுமையாகச் சரி செய்ய முடியாது. சன்னமாகப் பதிந்ததைக் கூட்டிக் கொள்ளலாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வெறும் சுவர் உள்ள ஹாலைவிட, மெத்தையும் துணிமணியும் உள்ள படுக்கையறை எதிரொலி இல்லாமல் இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் மேல்வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வெளியூரில் இருக்கும் பேத்திக்கு அனுப்ப ஒரு பாட்டைப் பதிந்துவிட்டு முகம் வாடிப் போய் வந்தார். "தம்பி, பாடும்போது தாளம் சரியாத்தான் இருக்கு. போட்டுக் கேட்டா நான் பின்னால ஓடி வர்றேன். வயசாயிடுச்சு, இனிமே பாடக் கூடாது போல." அவர் தாளத்தில் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டரில்தான் தாமதம்.

ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவர் கல்லில் அடிப்பது முதலில் தெரியும். சத்தம் பிறகுதான் வரும். அதேபோல், இசை ஹெட்போனுக்கு வந்து சேரவும், உங்கள் குரல் எண்களாக மாறி மென்பொருளுக்குப் போகவும் சிறிது நேரம் ஆகிறது. இதை லேட்டன்ஸி என்பார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு 500 மில்லி செகண்ட். அதில் 100 மில்லி செகண்ட் பிந்தினால், தட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. எந்த வித்வான் பாடினாலும் தாளம் தவறியதாகத்தான் தெரியும்.

ஆடாசிட்டி இதற்காகவே, பதிந்த குரலை மைனஸ் 130 மில்லி செகண்ட் முன்னே தள்ளி வைக்கிறது. அது ஒரு பொதுக் கணக்கு. உங்கள் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு என்பதை நீங்களே அளந்து கொள்ளலாம். புதிய ப்ராஜெக்டில் ஜெனரேட் மெனுவில் ரிதம் ட்ராக் கொடுங்கள். ஹெட்போனின் ஒரு காதை மைக் மேல் அணைத்துப் பிடித்து, ஷிஃப்ட் + ஆர் அழுத்திச் சிறிது நேரம் பதியுங்கள். இரண்டு ட்ராக்கிலும் 'டக்' சத்தம் தெரியும். பெரிதாக்கிப் பார்த்து, மேல் ட்ராக்கின் ஒரு தட்டிலிருந்து கீழ் ட்ராக்கின் அதே தட்டு வரை மவுஸால் இழுத்தால், இடைவெளி எவ்வளவு என்று கீழே காட்டும்.

பதிந்த தட்டு 40 மில்லி செகண்ட் பிந்தியிருந்தால், ப்ரிஃபரன்சஸில் லேட்டன்ஸி காம்பன்சேஷன் என்ற இடத்தில் மைனஸ் 130-ஐ மைனஸ் 170 ஆக்குங்கள். முந்தியிருந்தால் அதே அளவு குறையுங்கள். மறுபடி ஒருமுறை பதிந்து சோதியுங்கள். ஆசிரியருக்கு இதைச் செய்து கொடுத்த பிறகு, அதே பாட்டை மூன்று முறை பாடி, மூன்றையும் அனுப்பினார்! மைக்கையோ ஹெட்போனையோ மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

ஏற்கனவே பாடிய பாட்டு பிந்தியிருந்தால் அழிக்க வேண்டாம். குரல் ட்ராக்கில் உள்ள க்ளிப்பின் தலைப்பட்டையைப் பிடித்துச் சற்று இடப்பக்கம் நகர்த்தினால் போதும்.

மற்றதெல்லாம் சுலபம். ஒவ்வொரு ட்ராக்கின் இடப்பக்கமும் உள்ள கெயின் அல்லது வால்யூம் ஸ்லைடரில் இசையைச் சற்றுக் குறையுங்கள், குரல் மேலே வரும். எதிரொலி வேண்டுமென்றால் எஃபெக்ட் மெனுவில் ரிவெர்ப் இருக்கிறது. கொஞ்சமாகப் போடுங்கள், அதிகம் போட்டால் கல்யாண மண்டப மைக் செட் போலாகிவிடும்.

முடிந்ததும் எக்ஸ்போர்ட் கொடுங்கள். 4 நிமிட ஸ்டீரியோ பாட்டு, சிடி தரத்தில் வேவ் ஃபைலாகச் சுமார் 42 எம்பி வரும். அதுவே 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆனால் 4 எம்பிக்குள் அடங்கும், அனுப்புவதற்கு வசதி. எக்ஸ்போர்ட் செய்ததில் குரலும் இசையும் கலந்துவிடும் என்பதால், சேவ் ப்ராஜெக்ட் கொடுத்து ஏயூபி3 ஃபைலையும் வைத்துக் கொள்ளுங்கள். அதை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து விடுங்கள்.